கூடுதலாக ஒரு மாத்திரை

"...அதுக்குத்தான் காத்தாலயே ஒரு மாத்திரை சேத்திப் போட்டுக்கிட்டேன் அம்மிணி, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் யுகாதிக்குச் சுட்ட ஒப்பிட்டுப் போளியை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டார். அவருக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடம் ஆகிறது. படித்தவர், பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். யாரிடம் போய் முட்டிக்கொள்வது? விஜயநகரில் அண்ணன் வீட்டுக்குப் பண்டிகைக்குத்தானே வந்தோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சூடான நெய் வாசத்தில் நாங்கள் வளர்ந்த ராமாபுரத்து வீடு நினைவுக்கு வந்துவிட்டது. அப்பாவுக்கும் சர்க்கரை; அவரும் இதே மாதிரி ஆள்தான். கல்யாண விருந்தென்றால் சட்டைப்பையில் இரண்டு மாத்திரை கூடுதலாக இருக்கும். அம்மா முறைத்தால், "மாத்திரை பின்ன எதுக்கு இருக்குது?" என்பார்.

ஒருநாள் மண்டியிலிருந்து ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தார். வெயிலில் தார் ரோடு கொதித்தது. இன்னொரு செருப்பு எங்கே கழன்றதென்று அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஓடிப்போய் அதைத் தேடிக் கொண்டுவந்தவர் அண்ணன்தான். பாதம் வெந்து கொப்புளமாகியிருந்ததை அம்மா இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தாள். கடைசியில் மைசூர் ஆஸ்பத்திரியில் அந்தப் பாதத்தையே எடுத்துவிட்டார்கள்.

அண்ணனின் கால் பெருவிரலைப் பார்த்தேன். நகத்தோரம் ரத்தம் காய்ந்திருந்தது.

"இது எப்ப அடிபட்டுதுங்ண்ணா?"

குனிந்து பார்த்தார். "அட, தெரியலையே."

"அப்பாவும் இதையேதான் சொன்னாருங்ண்ணா."

அண்ணன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, நெய்க் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்தினார்.