சிவப்பு நூலுக்குள் செண்பக வேர்

கலைவாணி யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. இட்லிப்பூவோ நந்தியாவட்டையோ, ஒரு குச்சி கேட்டு ஒடித்துக்கொண்டுதான் வருவாள். பிள்ளையார்பாளையத்து வீட்டில் கீழே தறி. மாடி முழுக்கப் பெயின்ட் வாளிகளில் செடி.

"கல்யாணத்துக்குக் கூட்டிக்கினு போனா, பந்திக்கு வராம மண்டபத்துச் செடியாண்ட நின்னுக்கினு இருக்கா" என்பார் கணவர் ஆனந்தகுமார்.

அவளுக்குப் பிடிகொடுக்காதது பக்கத்து வீட்டுச் செண்பகம் மட்டும்தான். குச்சி நட்டால் கருகிவிடும். அந்த மரத்துக்குத்தான் ஆனி பிறந்ததும் நாள் குறித்தான் அந்த வீட்டுக்காரன் ஜெயக்குமார். வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டப்போகிறான்.

"ஆடியில யாருக்கா வேல ஆரம்பிப்பாங்க? ஆவணி மொத முகூர்த்தத்துல மரத்த எடுத்துடுவேன்."

அதற்குள் கிளையிலேயே வேர்விட வைத்தாக வேண்டும். அன்றே ஏணி போட்டு ஏறி, மூன்று கிளைகளில் மோதிரம்போல் பட்டையைச் சீவி, ஈரமண் அப்பிப் பதியம் கட்டினாள். மண் உதிராமலிருக்க மற்றவர்கள் தென்னை நாரைச் சேர்ப்பார்கள். தறிக்காரர் வீட்டில் நாருக்கு எங்கே போவது? தறியடியில் கிடந்த சிவப்புப் பட்டுக் கழிவு நூலை அள்ளிப் பிசைந்தாள்.

ஆடியில் அணில்கள் அதைக் கண்டுகொண்டன. அவ்வளவு மெத்தென்ற நூல் வேறெங்கே கிடைக்கும்? இரண்டு பதியங்கள் பிரிந்து தொங்கின. ஓட்டுச் சந்தில் சிவப்பாக ஒரு கூடு எழும்பியது.

"முகூர்த்தப் பட்டுலயே வூடு கட்டிக்கிச்சு! என்ன முந்திக்கிச்சுக்கா" என்று சிரித்தான் ஜெயக்குமார்.

கலைவாணி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். புதிதாகக் கட்ட நாள் போதாது. மிச்சமிருந்த ஒன்றின்மேல் ஆனந்தகுமாரே கொசுவலையைச் சுற்றி முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டார்.

ஆவணி முகூர்த்தத்தன்று ரம்பத்தோடு ஆள் வந்துவிட்டார். கலைவாணி பதியத்துக்குக் கீழே கிளையை அறுத்து இறக்கினாள். முடிச்சு அவிழவில்லை.

"கட்டினவரே அவுருங்க!"

ஆனந்தகுமார் பல்லால் இழுத்துப் பார்த்துத் தோற்றார். தறியிலிருந்து கத்தரிக்கோல் வந்தது. வலை விலகியதும், சிவப்பு நூலுக்குள் வெள்ளை வெளேரென்று வேர்கள், பாவுக்குள் ஊடை ஓடியதுபோல.

"புடிச்சிக்கிச்சு! புடிச்சிக்கிச்சுங்க!" கலைவாணி போட்ட சத்தத்தில் ரம்பக்காரரும் வேலையை விட்டு எட்டிப் பார்த்தார்.

கார்த்திகையில் மாடி வாளியில் புதுத் தளிர். பூசாத சுவருக்கு அப்பாலிருந்து ஜெயக்குமார் குரல் கொடுத்தான்.

"யக்கா, என் மரம் எப்பிடி இருக்குது?"

"உன் மரமா? வெட்டினவனுக்கு இன்னாடா மரம்?"

"வாசல்ல எடம் வுட்டுத்தான்க்கா கட்டுறேன்."

கலைவாணி சுவர்மேல் எட்டி வாசலைப் பார்த்தாள்.

"சரி, தரேன். உன் மாமியா வூட்ல மனோரஞ்சிதம் இருக்குதாமே? அங்க அணில் தொல்ல உண்டா?"