பொம்மை அளவில் ஒரு லோயர் ஆர்ம்

என் காரை இரண்டு அங்குலம் தாழ்த்திய நாளிலிருந்து எனக்குத்தான் உயரம் குறைந்துகொண்டே வருகிறது. வண்டிக்குப் பதினெட்டு வயது, எனக்கு ஐம்பத்தொன்று. அதில் ஏறும்போது ஒரு முனகல், இறங்கும்போது இரண்டு முனகல். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, ஏதோ யோசிப்பவன்போல் கொஞ்ச நேரம் நிற்பேன். யோசனை ஒன்றும் கிடையாது. இடுப்பு நேராகக் காத்திருப்பேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்துப் பிழைக்கிறவனுக்கு ரேஸ் டிராக்கில் ஓட்ட ஒரு கார் தேவையா என்று கேட்டால், தேவையில்லை. பல பேர் கேட்டுவிட்டார்கள், எல்லோருக்கும் இதே பதில்தான். வருஷத்தில் மூன்று நான்கு ஞாயிற்றுக்கிழமை, சென்னைப் பக்கம் ஒரு டிராக்கில் நம்மைப் போன்றவர்களும் சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஓட்டலாம். போட்டி இல்லை, பரிசு இல்லை. உச்சி வெயிலில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, இறங்கிய இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் திங்கட்கிழமை பட்டறையில் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவேன்.

போன தடவை நேர் ரோடு முடிந்து வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்தபோது வண்டி இடது பக்கம் ஒரு தாவல், வலது பக்கம் ஒரு தாவல். எனக்கு வாய் தானாகத் திறந்துவிட்டது. வெளியே வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி, "முன் சஸ்பென்ஷன்ல சின்ன பிரச்சனை" என்று டாக்டர் மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒட்டியிருந்த கேமராவை மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நானே பெருமையாக அதை டீவியில் போட்டேன். சத்தத்தை அணைக்கவும் மறந்துவிட்டேன்.

என் மனைவி கம்மாபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கத்துகிற சத்தத்தை வைத்தே பிள்ளை யார் என்று கண்டுபிடிக்கிறவள்.

"இது யாருங்க அம்மான்னு கத்துறது?"

"பின்னாடி வந்த வண்டிக்காரரு."

"அவருக்கும் உங்க தொண்டைதானா?"

அதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அவள் அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னாள். இரண்டாம் தடவை பார்த்தபோது அவள் சிரிக்கவில்லை. மங்கலம்பேட்டையில் கல்ஃபிலிருந்து வந்த ஒருவர் இந்த வண்டியை எனக்குக் கொடுங்கள் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரைச் சொல்லித்தான் ஆரம்பித்தாள்.

"கடைசியா ஒரு தடவை சரி பண்ணிப் பாருங்க. அப்புறம் நான் பக்கத்துல உக்காருவேன். நீங்க பிரேக் புடிக்கணும். வண்டி ஆடுச்சுன்னா அவருக்குக் கொடுத்துடணும். ஆடலைன்னா நான் வாயே தொறக்க மாட்டேன்."

சரி என்றேன்.

ஜங்ஷன் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்குக்குச் சொந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. டிராக்டர், ஷேர் ஆட்டோ, நடுவில் என் வண்டி. அவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வராமலே பேசினார்.

"அண்ணே, லோயர் ஆர்ம் ரெண்டும் மேலப் பாத்துகிட்டு நிக்குது. போலீஸைப் பாத்துட்டு கையத் தூக்குனவன் மாதிரி."

லோயர் ஆர்ம் என்பது வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து சக்கரத்துக்குப் போகிற கை. ஒரு முனையில் ரப்பர் புஷ், மறுமுனையில் உருண்டையாகத் திரும்புகிற பால் ஜாயின்ட். வண்டி தன் உயரத்தில் நின்றால் அந்தக் கை சக்கரத்தைப் பார்த்து லேசாகக் கீழே சாய்ந்திருக்கும். நான் ஆசைப்பட்டு உடம்பை மட்டும் இறக்கிவிட்டேன், கை மேலே போய்விட்டது. பிரேக் பிடித்தால் சக்கரம் தனக்குத் தோன்றிய பக்கம் திரும்புகிறது. புஷ் வேறு வெடித்துப்போயிருந்தது.

இதற்கென்றே கோயம்புத்தூரில் ஒருவர் ஆர்ம் செய்து கொடுக்கிறார். கெட்டியான புஷ், தாழ்த்திய வண்டிக்கு ஏற்ற நீளமான இரும்புப் பின் வைத்த பால் ஜாயின்ட், நடுவில் மரை போட்ட குழாய். குழாயைத் திருகி நீளத்தை ஒரு சென்டிமீட்டர் கூட்டலாம், குறைக்கலாம். போன் செய்தேன்.

"பழைய ஆர்மைக் கழட்டிப் பார்சல் போட்டு விட்டுருங்க" என்றார் அவர்.

அது வரைக்கும் வண்டி ஷெட்டில் கால் இல்லாமல் கிடக்கும். கிடந்தால் மனைவி பார்ப்பாள். பார்த்தால் மங்கலம்பேட்டைக்காரர் ஞாபகம் வரும். அதனால், "வேணாங்க, நானே அளந்து சொல்றேன்" என்றேன். பட்டறையில் மோல்டு மேஜையிலிருந்து நீளமான ஸ்டீல் ஸ்கேலை எடுத்துப்போய், வண்டிக்கடியில் படுத்து, புஷ்ஷின் நடுவிலிருந்து பால் ஜாயின்ட்டின் நடு வரைக்கும் அளந்தேன். ரெண்டு தடவை அளந்தேன். சரியாக முப்பது சென்டிமீட்டர். கண்ணில் துரு விழுந்ததைப் பொருட்படுத்தாமல் மூன்றாம் தடவையும் அளந்தேன். முப்பது.

"முப்பதுங்களா?" என்று இழுத்தார் கோயம்புத்தூர்க்காரர். "அந்த வண்டிக்குக் கொஞ்சம் குட்டையாத் தெரியுதுங்களே. இன்னொருக்கா பாத்துருங்களேன்."

"இருபத்தஞ்சு வருஷமா ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் பண்றேங்க. மில்லிமீட்டர் தப்பினா சரக்கு திரும்பி வந்துடும். அளவு விஷயத்துல என்னை நம்பலாம்."

"நீங்க சொன்னாச் சரிங்க" என்றார். அந்த மரியாதையை நான் அப்போது ரசித்தேன்.

ஆர்ம் வந்தது, கறுப்புப் பெயின்ட்டும் தங்க நிற மரையுமாக. புதன்கிழமை காலையில் ஷெட்டுக்குப் போனேன். பழைய பால் ஜாயின்ட் பன்னிரண்டு சுத்தியல் அடி வாங்கிய பிறகுதான் விட்டுக்கொடுத்தது. மெக்கானிக் பழையதையும் புதியதையும் சாக்கின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இது தம்பி. அது அண்ணன்."

இரண்டு விரல் அளவுக்குக் குட்டை. அந்த இடத்தில் ஒரு புத்தியுள்ளவன் போனை எடுத்திருப்பான். என் வாய் வேறு வேலை பார்த்தது.

"டிராக் ஆர்ம் குட்டையாத்தான் இருக்கும். நீளம் ஜாயின்ட் பின்ல இருக்குது."

"அப்படியா?"

"அப்படித்தான்."

"உங்க வண்டி, உங்க வாக்கு" என்று சொல்லிவிட்டு மாட்டத் தொடங்கினார். மரையை முடிகிற வரைக்கும் வெளியே திருகியும் சக்கரத்தின் அடிப்பாகத்தை உள்ளே தள்ளித்தான் சேர்க்க வேண்டியிருந்தது. நான் காலால் உதைத்து உதவினேன். ஜாக்கியை இறக்கியபோது முன் சக்கரங்கள் இரண்டும், சண்டை போட்டுத் திரும்பிய மாமன் மச்சான்போல் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு, மேலே விரிந்து கீழே ஒடுங்கி நின்றன. ஷேர் ஆட்டோ ரிப்பேருக்குக் காத்திருந்த டிரைவர் எழுந்து வந்து பார்த்தார்.

"சார், வண்டி மொழங்கால் போடப் பாக்குதா?"

"அலைன்மென்ட் பண்ணா சரியாயிடும்" என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

ஷெட் வாசலிலிருந்து ரோடு பத்தடி. அந்தப் பத்தடியில் டயர் இரண்டும் ஆட்டுக்குட்டி மாதிரி கத்தின. ஸ்டீயரிங் என் பேச்சைக் கேட்பதாயில்லை. என்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அச்சு வளைந்துவிட்டது, அடிச்சட்டம் முறிந்துவிட்டது, கோயம்புத்தூர்க்காரர் ஏமாற்றிவிட்டார், டிராக்கில் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று நாலு நிமிஷத்தில் நாலு முடிவுக்கு வந்தேன். என்மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து மனைவியின் போன், பள்ளிக்கூட இன்டர்வெல்லில்.

"மாட்டியாச்சா? ஆடுதா?"

"ஆடலை" என்றேன். உண்மைதான். அசையவே இல்லையே.

போனை வைத்ததும் மறுபடி அடித்தது. பட்டறையில் மோல்டு வேலை பார்க்கும் அக்கா. என்னைவிடச் சின்னவர்தான், ஆனால் எல்லோருக்கும் அக்கா.

"மொதலாளி, மேஜை மேல இருந்த நீட்டு ஸ்கேல நீங்களா எடுத்துட்டுப் போனீங்க?"

"ஆமாக்கா. வண்டிக்கு அளவு எடுக்க. டிக்கியில இருக்குது."

"அந்த ஸ்கேலுலயா வண்டிய அளந்தீங்க?" என்றார் மெதுவாக.

அப்போதுதான் எனக்கு உச்சியில் அடித்தது. களிமண் காயும்போது சுருங்கும், சூளையில் இன்னும் சுருங்கும். பத்து அங்குலப் பொம்மை வெளியே வர வேண்டுமென்றால் பதினோரு அங்குலத்துக்கு மாதிரி செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட முடியாதென்று, சுருக்கத்தை முன்கூட்டியே சேர்த்துக் கோடு போட்ட தனி ஸ்கேல் வைத்திருக்கிறோம். அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஒன்றைவிடக் கொஞ்சம் பெரியது. அந்த ஸ்கேலைச் செய்யச் சொன்னவனே நான்தான். அதில் முப்பது என்றால் நிஜத்தில் முப்பத்து மூன்று.

"மொதலாளி, இருக்கீங்களா?"

"இருக்கேன்க்கா."

"வண்டி இனிமேதான் சூளைக்குப் போவுதா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் போனை வைத்துவிட்டார்.

மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். சாக்கின்மேல் கிடந்த பழைய ஆர்மைத் துடைத்துத் தனியாக எடுத்து வைத்தார். "நான் காலையிலயே சொன்னேன்" என்றுகூடச் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு முதல் தடவையாக எனக்கு அசதி தெரிந்தது. இது முதுகு அசதி இல்லை. வீட்டில் ஒரு பொய், கோயம்புத்தூருக்கு ஒரு ஜம்பம், ஷெட்டுக்கு ஒரு பொய் என்று வாய் ஓடி ஓடிக் களைத்த அசதி.

கோயம்புத்தூர்க்காரர் நல்ல மனுஷர். "நடுக்குழாயை மட்டும் மாத்திக்கலாங்க, மிச்சமெல்லாம் ஆகும்" என்றார். புதுக் குழாய் வரும் வரை வண்டி ஷெட்டில்தான் கிடந்தது, கால் இல்லாமல். மனைவியிடம் நடந்ததை ஒப்புக்கொண்டேன். அவள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தாள். புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாள்.

"அப்ப, பேச்சு முடிஞ்சுதா? கொடுத்துடணுமா?" என்று கேட்டேன்.

"வண்டி ஆடினாத்தான் கொடுக்கணும்னு சொன்னேன். நீங்க ஆடினா என்ன பண்றது, உங்கள யாரு வாங்குவாங்க?"

இந்த முறை மெக்கானிக் என்னை ஒன்றையும் தொட விடவில்லை. சாதாரண டேப்பில் அவரே அளந்தார். எல்லாவற்றையும் மாட்டி, சக்கரத்தைத் தரையில் இறக்கி, வண்டி தன் கனத்தில் உட்கார்ந்த பிறகுதான் அடியில் நுழைந்து புஷ் போல்ட்டை இறுக்கினார். தொங்குகிறபோதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து செத்துப்போகும் என்றார். அலைன்மென்ட் கடையில் சக்கரங்களின் பகை தீர்ந்தது. கை இரண்டும் சக்கரத்தைப் பார்த்து லேசாகக் கீழே சாய்ந்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் நேராகப் போகிற ஒரு ரோடு. ஒரு ஓரமாக உளுந்து காயப்போட்டிருந்தார்கள், கண்ணுக்கெட்டிய வரை ஆள் இல்லை. மனைவி பக்கத்தில், மடியில் கைப்பை. அந்தச் சீட்டுக்குள் இறங்க அவளுக்கும் ஒரு முனகல் வந்தது.

"போலாம்" என்றாள்.

வேகம் எடுத்தேன். ஒரு புளியமரத்துக்குள் நிற்க வேண்டும் என்று அடையாளம் வைத்துப் பிரேக் பிடித்தேன். வண்டி கோடு போட்டதுபோல் நேராக நின்றது. இடது இல்லை, வலது இல்லை.

அவள் முன்கண்ணாடி வழியாகப் புளியமரத்தைப் பார்த்தாள். பிறகு, "ஆடலை" என்றாள். "சரி, வெச்சுக்கோங்க. சொன்னா சொன்னதுதான்."

நான் ஜெயித்துவிட்டேன். வண்டியைத் திருப்பி வீட்டைப் பார்த்து ஓட்டினால் முடிந்தது. கியரில் கை வைத்தேன். கை நகரவில்லை.

"நான் முழுசா அமுக்கலைம்மா" என்றேன்.

"என்னது?"

"பிரேக்கு. பாதிதான் அமுக்குனேன். கால் போவல. டிராக்குல புடிக்கிற மாதிரி புடிக்கல."

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தாள். பெல்ட்டை இழுத்துச் சரி பார்த்துக்கொண்டாள்.

"திருப்புங்க. மறுபடி அங்கேருந்து வாங்க."

திருப்பிக்கொண்டு போனேன். திரும்பவும் திருப்பினேன். புளியமரம் நெருங்கி வந்தது. ஆர்ம் மாற்றியதால் பயமும் மாறியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அது அதே அளவில், அதே இடத்தில்தான் இருந்தது. காலைத் தூக்கி முழு பலத்தோடு பெடலை அமுக்கினேன்.

பெல்ட் நெஞ்சை அறுத்தது. பின்சீட்டிலிருந்து எதுவோ பறந்துவந்து என் சீட்டின் முதுகில் மோதியது. டயர் கீச்சிட்டது. வண்டி நேராக, ஒரு விரல்கூட விலகாமல், மரத்துக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது. உளுந்தின்மேல் உட்கார்ந்திருந்த காக்காய்கள் மட்டும் எழுந்து பறந்தன.

ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் பார்த்தாள். அவளும் டேஷ்போர்டை விடவில்லை, அதை நானும் பார்த்தேன்.

"இப்ப முழுசாத்தானே?"

"முழுசாத்தான்."

"சரி" என்றாள். குனிந்து, காலடியில் கவிழ்ந்து கிடந்த கைப்பையிலிருந்து சிதறிய சில்லறையையும் சீப்பையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நானும் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் குனியப் பார்த்தேன். இடுப்பு வரவில்லை.

"நீங்க சும்மா இருங்க, நான் எடுத்துக்கிறேன். மங்கலம்பேட்டைக்காரர்கிட்ட இல்லைன்னு நீங்களே சொல்லிடுங்க. பாவம், நம்பிகிட்டு இருப்பாரு."