ஒரு தட்டு

லாரிக்காரர்களை எனக்குப் பிடிக்காது. இப்போதும் பிடிக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷமாக இந்த மலைச் சாலையில் கார் ஓட்டுகிறேன். பண்ணைக்காட்டிலிருந்து இறங்கும்போது முன்னால் ஒரு லாரியின் முதுகு தெரிந்தால் போதும், எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிடும். வேகமாகவும் போகாது, வழியும் விடாது. கறுப்புப் புகையை மூஞ்சியில் ஊதிக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி அசைந்து அசைந்து போகும்.

போன வருஷம் வாரத்துக்கு இரண்டு நாள் இப்படி எரிந்தேன். என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், செவ்வாயும் வெள்ளியும் திண்டுக்கல்லில் டயாலிசிஸ். எட்டரைக்குப் படுக்கை. பிந்தினால் அடுத்தவரைப் போட்டுவிடுவோம், சாயங்காலம்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான் என்று நர்ஸ் முதல் நாளே சொல்லிவிட்டார். அவளுடைய இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்து, ஊசி போட வழி செய்துவைத்திருந்தார்கள். அதன்மேல் விரலை வைத்தால் உள்ளே கிர்ரென்று ஓடுவது தெரியும். அந்த ஓட்டம் நின்றுபோனால் டயாலிசிஸ் செய்ய வழியில்லை. அந்தக் கையால் ஒரு குடம் தண்ணீர் தூக்கக் கூடாது, எங்கும் இடிக்கக் கூடாது.

வெள்ளனே ஐந்தரைக்கெல்லாம் கிளம்பிவிடுவோம். கவுஞ்சிப் பக்கமிருந்து கேரட் ஏற்றி வரும் ஒரு லாரி, சொல்லிவைத்த மாதிரி எங்களுக்கு முன்னால் வந்து நிற்கும். அதே பச்சைத் தார்ப்பாய், அதே புகை. ஹாரனை அமுக்கிப் பிடிப்பேன். "ஒதுங்கித் தொலையேன்டா சனியனே!" என்று கத்துவேன். அவளோ முதல் வளைவு வந்ததும் காற்றுக்காக ஜன்னலை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள், அடிவாரம் வரும்வரை திறக்க மாட்டாள். உடம்பு அசதி, அதோடு லாரிப் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்கு என்ன லாரிப் பயம்! கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் எஸ்டேட் லாரியில் நின்றபடி வேலைக்குப் போய்வந்தவள். எல்லோரும் ஏறிக்கொண்டால் லாரியின் பக்கப் பலகையில் இரண்டு தட்டு, டிரைவர் எடுப்பார். ஒரு தட்டு தட்டினால் நிறுத்துவார். மலையில் எல்லா லாரிக்கும் அதுதான் வழக்கம்.

அந்த வெள்ளிக்கிழமை வழியில் மரம் சாய்ந்து கிடந்ததில் அரை மணி நேரம் போய்விட்டது. மரத்தை நகர்த்தியதும் எனக்கு முன்னால் புறப்பட்டது யார் என்கிறீர்கள்? அதே பச்சைத் தார்ப்பாய். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

அடுத்த கொண்டை ஊசி வளைவு வலப்பக்கம் திரும்புவது. நீளமான வண்டி அதில் திரும்ப வேண்டுமென்றால் முதலில் இடப்பக்கம் விலகிப் போகும். அப்போது வலப்பக்கம் ஒரு கார் நுழையும் அளவுக்கு இடம் திறக்கும். அந்த இடம் பின்சக்கரம் திரும்பி வருவதற்கு. டிரைவர் கண்ணாடியில் அந்த நேரம் அவருடைய தார்ப்பாய்தான் தெரியும், பக்கத்தில் யார் இருக்கிறார் என்பது தெரியாது. சுற்றுலா வருகிறவர்கள் அதற்குள் போய்ச் சொருகிக்கொண்டு முழிப்பதைப் பார்த்து நானே சிரித்திருக்கிறேன். அன்று நான் சொருகினேன்.

பாதி தூரம் போனதும் லாரி திரும்பத் தொடங்கியது. என் பக்கம் மண்சுவர், அவள் பக்கம் லாரி. முன்னே போக இடமில்லை. என் கால் பிரேக்கில் இருந்ததா, எங்கே இருந்தது, எனக்கு நினைவில்லை. பக்கக் கண்ணாடி டப்பென்று நொறுங்கியது. அவள் கதவை நோக்கிப் பின்சக்கரம் வந்துகொண்டிருந்தது. ஹாரனில் கை வைத்தேன். ஆறு மாதமாக அடித்த ஹாரன்தானே, அதற்கு யார் நிற்பார்கள்?

அவள் கண்ணைத் திறந்தாள். ஜன்னல் வழியாக இடது கையை நீட்டி லாரிப் பலகையில் ஓங்கி அறைந்தாள், ஒரே ஒரு தட்டு.

லாரி நின்றது.

டிரைவர் குதித்து இறங்கி வந்தார். "யோவ், கண்ணு அவிஞ்சு போச்சா? வண்டி வளையுற எடத்துல வந்து சொருகுறியே, வீட்டுல சொல்லிட்டு வந்தியா?"

நானும் விடவில்லை. "ஆறு மாசமா ஒனக்குப் பின்னால கெடந்து சாவுறேன்யா! சைடு குடுத்தா கொறைஞ்சா போயிருவ?"

"எங்கய்யா குடுக்க? பள்ளத்துலயா?" குனிந்து காருக்குள் பார்த்தவர் குரலை இறக்கினார். "தட்டுனது யாரு?"

"நான்தாண்ணே."

"நல்ல வேள, ஒண்ணோட நிறுத்துனீங்க தாயி. ரெண்டாவதா ஒண்ணு தட்டியிருந்தா நான் பாட்டுக்கு எடுத்துருப்பேன்."

அவரே பின்னால் நின்று கைகாட்டி, என் காரைப் பின்னுக்கு ஏற்ற வைத்தார். கிளட்சைச் சரியாக விட முடியாமல் இரண்டு தடவை வண்டியை அணைத்துவிட்டேன். "வெரசாப் போறேன்னு வந்த ஆளு, பாரு" என்றார். அந்தக் கேலியை நான் இன்னும் மறக்கவில்லை.

லாரி போன பிறகும் நாங்கள் அங்கேயே நின்றோம். அவள் வலது கை விரல்களை இடது கைமேல் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். உள்ளங்கை சிவந்து கிடந்தது. "ஓடுதா?" என்றேன். "ஏய், ஓடுதா சொல்லு!"

"ஓடுது" என்றாள் விரலை எடுத்துவிட்டு. அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "நான் ஒரு நாளும் லாரிக்குப் பயந்து கண்ண மூடல. நீங்க ஓட்டுறதப் பாக்க முடியாமத்தான் மூடிக்கிட்டு வந்தேன். தட்டுனா லாரி நிக்கும். ஒங்கள எங்க தட்ட?"

எட்டே முக்காலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். படுக்கை காலியாகத்தான் கிடந்தது. "மெதுவா வாங்க சார், கால் மணி நேரத்துக்கு ஒண்ணும் ஆயிராது" என்றார் அதே நர்ஸ்.

இப்போதும் வாரத்துக்கு இரண்டு தடவை இறங்குகிறோம். பச்சைத் தார்ப்பாயைப் பார்த்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. அந்த வளைவு வந்தால் ஒரு லாரி நீளம் தள்ளி நிறுத்திவிடுகிறேன். பின்னால் சுற்றுலாக் கார்கள் ஹாரன் அடித்து என் மானத்தை வாங்கும். அவள் கண்ணை மூடியபடியே, "நின்னுட்டீங்களா?" என்று கேட்பாள்.

"நின்னுட்டேன்" என்பேன். உடனே நம்பிவிட மாட்டாள். கார் அசைகிறதா என்று ஒரு நிமிஷம் கவனித்துவிட்டுத்தான் கண்ணைத் திறப்பாள்.