கரும்பலகையில் எழுதிப்போட்ட சிந்தனை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எந்தப் பயிற்சிக்கு அனுப்பினாலும் திரும்பும் பஸ்ஸிலேயே அதைக் கிண்டலடித்துத் தீர்த்துவிடுவேன். 'பிள்ளைகளை யோசிக்க வையுங்கள், ஏன், எப்படி என்று கேளுங்கள்' என்று மதுரையில் மூன்று நாள் எங்களுக்குப் பாடம் எடுத்தார்கள். பேரையூர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். யோசிக்க வைக்கிறோமா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. உடனே ஐந்து கேள்விகளையும் அவற்றின் பதில்களையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, மனப்பாடம் செய்யச் சொன்னேன். தலைப்பு, 'சொந்தமாகச் சிந்தித்து விடையளி.' அத்தனை நோட்டிலும் ஒரே சொந்தச் சிந்தனை. அன்றைக்கு எனக்கு அதில் துளிக் கூச்சமும் இல்லை.

மறுநாள் அதிகாரி கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். "நம்ம ஊர்க் கண்மாய் ஏன் வறண்டு கிடக்கு?" என்று கேட்டேன். ஒருத்தியைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். அதிகாரி அந்த ஒருத்தியைத்தான் காட்டினார். முந்தின நாள் காய்ச்சலென்று வராதவள், பதிலை எழுதிக்கொள்ளாதவள்.

"பயப்படாம சொல்லும்மா" என்றார் அவர்.

அவள் எழுந்து ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"போன ஐப்பசில அம்புட்டு மழ பேஞ்சுச்சு சார். ஆனா தண்ணி கம்மாய்க்குப் போகல, ரோட்டுலயே நின்னுச்சு. அந்தப் பக்கந்தான் எங்க ஆடு மேயும், நான் பாத்தேன். கம்மாய்க்குப் போற வாய்க்கால மறிச்சு நம்ம ஸ்கூல் காம்பவுண்டு சொவரக் கட்டிட்டாங்கள்ல, அதனாலதான்னு நெனைக்கிறேன்."

வாசலில் நின்ற தலைமையாசிரியர் என்னை முறைத்தார். மூன்று நாள் பயிற்சியில் கேட்டதெல்லாம் என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. நான் என்ன செய்தேன்?

"அதிகப்பிரசங்கி! புஸ்தகத்துல அப்படியா போட்ருக்கு? உக்காரு" என்றேன்.

பக்கத்துப் பெண்ணை எழுப்பினேன். 'மரங்களை வெட்டுவதால் மழை குறைகிறது' என்று அவள் ஒப்பித்தாள். கைதட்டல். அதிகாரி குறிப்பேட்டில் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் உட்கார வைத்தவள் தலைகுனிந்து அந்த வரியை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமிருந்தது. பள்ளிக்குப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வாய்க்கால் நேராக வந்து எங்கள் சுவரில் முட்டி நின்றது. அந்தச் சுவருக்கு அடிக்கல் நாட்டிய அன்று லட்டு சாப்பிட்டவர்களில் நானும் ஒருத்தி.

அதைச் சொல்ல ஒரு வாரம் எனக்கு வாய் வரவில்லை. கிண்டலுக்கு மட்டும்தான் அது நீளும் போலிருக்கிறது. ஒருவழியாக ஒருநாள் வகுப்பில் அவளை எழுப்பினேன்.

"அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி. நானே போய்ப் பாத்தேன். உன்ன வஞ்சது என் தப்பு. கம்மாய் ஏன் வத்துச்சுன்னு எல்லாரும் கேக்குற மாதிரி இன்னொருக்கா சொல்லுத்தா."

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இந்த முறை ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை.

"மரங்களை வெட்டுவதால் மழை குறைகிறது டீச்சர்."

ஓர் எழுத்துப் பிசகவில்லை. சொல்லிவிட்டு, உட்காரலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.