ஆயுத பூஜையன்று கர்னலை அணைத்தேன்

1. பிளக்கைப் பிடுங்கியது

எட்டு நாளாக நிற்காமல் ஓடிய மிஷினை என் கையாலேயே அணைத்தேன். அன்று ஆயுத பூஜை.

காந்திபுரத்தில் எனக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. மீதியெல்லாம் சால்டரிங் அயர்ன் சொல்லிக்கொடுத்தது. கடை திறந்த நாள் முதல், பூஜையன்று அங்கே எந்த மிஷினும் ஓடியதில்லை. ஸ்க்ரூ டிரைவர், மல்டிமீட்டர் எல்லாவற்றையும் துடைத்து முருகன் படத்துக்கு முன் வைப்பேன். சந்தனமும் குங்குமமும் வைத்து, மறுநாள் காலையில் தீபாராதனை முடிந்த பிறகுதான் தொடுவோம். அன்றும் அப்படியே. மூலையில் ஓடிய டெஸ்ட் மிஷினை மட்டும் விடுவானேன் என்று அதன் பிளக்கையும் பிடுங்கிவிட்டேன்.

அந்த மிஷினில் ஓடியது சாதாரண சாமான் இல்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் எழுந்து, மெமரி யாருக்கு, டிஸ்க் யாருக்கு என்று பங்கு பிரித்துக் கொடுக்கிற புரோகிராமுக்குக் கர்னல் என்று பேர். யாரோ பல வருஷத்துக்கு முன் பரீட்சார்த்தமாக எழுதி, பாதியில் கைவிட்ட கர்னல் ஒன்றை நாங்கள் மூன்று பேர் உயிர்ப்பித்துக்கொண்டிருந்தோம். சம்பளம் கிடையாது, விருப்பம்தான். சரவணம்பட்டியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் சுதா கோடு எழுதுவார். தாராபுரம் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் லெக்சரராக இருக்கும் ஜோசப் சார் தப்பு கண்டுபிடிப்பார். நிஜ மிஷினில் ஏற்றிப் பார்ப்பது என் வேலை.

ஜோசப் சாரின் லேபில் இருபது பழைய கம்ப்யூட்டர்கள். புது சிஸ்டம் எதுவும் அதில் ஏறாது. பழைய இரும்புக்குப் போட இருந்தார்கள். "இந்தக் கர்னல் ஓடும், பசங்க உள்ளே திறந்து பார்த்துப் படிக்கலாம்" என்று சார் மன்றாடியதில் பிரின்சிபல் ஒரு நிபந்தனை போட்டார்: முதலில் என் கடையில் அதே ரக மிஷின் ஒன்றில் பத்து நாள் நிற்காமல் ஓட வேண்டும். அந்தப் பத்தில் எட்டாம் நாளைத்தான் நான் பிடுங்கினேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

2. போன்

அரை மணி நேரத்தில் சுதா கூப்பிட்டார். மிஷின் நிமிஷத்துக்கு ஒரு வரி அவருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அது நின்றுபோயிருந்தது.

"ஏனுங்ண்ணா, அங்க கரண்ட் போயிருச்சுங்களா?"

"இல்லீங்க அம்மணி. பூஜைக்கு ஆஃப் பண்ணிப்போட்டேன்."

சுதாவின் குரல் உயர்ந்தது.

"என்னுங்ண்ணா இப்படிப் பண்ணிப்போட்டீங்க! இன்னும் ரெண்டே நாளுங்க. ஜோசப் சார்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

உடனே போட்டுவிடட்டுமா என்று கேட்டேன்.

"நின்னது நின்னுபோச்சு. இனி போட்டாலும் ஒண்ணாம் நாள்தானுங்க. சாமி கும்பிட்டுட்டு நாளைக்கே போடுங்க. எனக்கும் சேத்திக் கும்புடுங்க, வேற என்ன சொல்றது" என்று வைத்துவிட்டார்.

பொங்கலும் சுண்டலும் எனக்கு இறங்கவில்லை. "சாமிக்குச் செஞ்சதுக்கு எதுக்குங்க மூஞ்சிய இப்படி வெச்சிருக்கறீங்க?" என்றாள் என் மனைவி. சாமிக்குச் செய்தது சரி. மனுஷரிடம் சொல்லாமல் செய்ததுதான் உறுத்தியது.

3. எழவில்லை

மறுநாள் தீபம் காட்டிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். கர்னல் நாலு வரி காட்டியது, அப்படியே நின்றது. மறுபடி போட்டேன். அதே நாலாவது வரி. மூன்று முறை.

பழக்கப்படி மிஷினின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். நெட்வொர்க் கேபிள் செருகும் லேன் கார்டில் எப்போதும் மினுக்கும் பச்சை லைட் எரியவில்லை. கார்டு போய்விட்டதோ என்று லினக்ஸ் என்கிற வேறு சிஸ்டம் இருந்த பென் டிரைவைச் செருகிக் கிளப்பினேன். லைட் எரிந்தது. பென் டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தேன். எங்கள் கர்னல் ஜம்மென்று எழுந்து உட்கார்ந்தது.

பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிஷம் விட்டுப் போட்டேன். நாலாவது வரியில் நின்றது.

இரண்டு பேரையும் போனில் ஒன்றாகக் கூப்பிட்டுச் சொன்னேன். சுதா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது.

"அய்யோ! நம்ம கோடு லேன் கார்டை எழுப்பவே இல்லீங்ண்ணா. ஒவ்வொரு தடவையும் லினக்ஸ்ல போய்த்தானே கர்னலை காப்பி பண்ணி ரீஸ்டார்ட் குடுத்தோம்? ரீஸ்டார்ட்ல கரண்ட் நிக்காதுங்களே, அது எழுப்பி வெச்சுட்டுப் போன கார்டுலதான் நாம ஓட்டிட்டு இருந்திருக்கோம். ஆரோ ஆக்கி வெச்ச சோத்துக்கு நாம எலை போட்டு உக்காந்திருக்கோம்!"

ஜோசப் சார் மெதுவாகச் சொன்னார்: "எங்க லேப்ல சாயங்காலமானா மெயினையே ஆஃப் பண்ணிடுவாங்க. பத்து நாள் ஓட்டிக் காட்டிட்டு, அதையே இருபதுலயும் ஏத்தியிருந்தா, மறுநாள் காலைல இருபதும் நின்னிருக்கும்."

4. பிரின்சிபல்

சுதா இரண்டு நாளில் கார்டை எழுப்பும் வரிகளை எழுதி அனுப்பினார். நான் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் எழுந்தது. ஆனால் பத்து நாள் கணக்கு போனது போனதுதான். மூன்று பேருமே பிரின்சிபலிடம் போனோம். பூஜைக்கு அணைத்ததை நானே சொன்னேன். ஜோசப் சார் மீதியைச் சொன்னார்.

பிரின்சிபல் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்தனை நாள் ஓடும்னு கேட்டேனே ஒழிய, காலையில எந்திரிக்குமான்னு நானும் கேக்கலைங்க. ஏத்துங்க பார்க்கலாம்."

ஒரு நாள் முழுக்க ஏற்றினோம். சாயங்காலம் அட்டெண்டர் மெயினை அணைத்தார். மறுநாள் காலை பிரின்சிபல் முன்னால் அட்டெண்டரே மெயினைப் போட்டார். பத்தொன்பது எழுந்தன. ஒன்றில் பவர் சப்ளை புகைந்தது. "அது நம்ம டிபார்ட்மென்டுங்க" என்று நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பிரின்சிபல் சிரித்துவிட்டார். மிஷின்கள் லேபிலேயே தங்கின.

அந்தக் குறையை முருகன்தான் காட்டினான் என்றே நான் நம்புகிறேன். ஆனால் அதைச் சொல்லி என் தப்பை மூட மாட்டேன். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஓடுகிற மிஷினைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். முழுசாக அணைத்து, ஆறவிட்டு, ஒருதரம் போட்டுப் பாருங்கள். அணைப்பதற்கு முன், கூட வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.