ஐந்து முகங்களும் ஒரு ராகு காலமும்

எங்கள் மருத்துவமனையிலிருந்து நோயாளி வீட்டுக்குப் போன மறுநாள் அவருடைய கைப்பேசிக்கு ஐந்து முகங்கள் போய்ச் சேரும். முதல் முகம் அழும். ஐந்தாவது முகம் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும். நடுவில் இருக்கும் மூன்றையும் பார்த்தால் வெவ்வேறு அளவில் வயிற்றுவலி வந்தவை மாதிரி இருக்கும். சாப்பாடு எப்படி, கழிப்பறை எப்படி, தாதி எப்படிப் பேசினார், வீட்டுக்கு அனுப்ப எவ்வளவு நேரம் எடுத்தது என்று ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு முகத்தைத் தொட வேண்டும். ஐந்தாவதைத் தவிர வேறு எதைத் தொட்டாலும் வார்டில் யாருக்காவது திட்டு விழும். நான்காவது முகமும் சிரிக்கத்தானே செய்கிறது என்று ஒருமுறை கூட்டத்தில் கேட்டேன். அது போதிய சிரிப்பு இல்லை என்றார்கள்.

இந்த முகங்களுக்காக எங்களுக்குப் பயிற்சி வேறு கொடுத்தார்கள். கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் வந்தார். நோயாளியின் அறையை விட்டு வெளியே வரும்போது, "வேறு ஏதாவது செய்யட்டுமா? எனக்கு நேரம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்றார். எனக்கு நேரம் இருக்கிறதாம். பதினான்கு கட்டிலுக்கு மூன்று தாதிகள், அதில் ஒருத்தி புதுசு, காலையில் குடித்த மைலோ மதியம்வரை வயிற்றில் தனியாக நிற்கும். நான் இருபது வருடமாக ஊசி போடுகிறேன், ஒருநாளும் கை நடுங்கியதில்லை. அந்த வாக்கியத்தை முதல்முறை சொன்னபோது நாக்கு நடுங்கியது.

இருந்தாலும் சொன்னேன். எனக்கு அந்த ஐந்தாவது முகம் வேண்டியிருந்தது. கீழ்த்தளத்து கிளினிக்கில் ஓர் இடம் காலியாகப் போகிறது என்று மேட்ரன் சொல்லியிருந்தார். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை வேலை, ஞாயிறு லீவு, ஷிப்டே கிடையாது. என் கணவருக்கு பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் சுழற்சி ஷிப்ட், எனக்கு இங்கே சுழற்சி ஷிப்ட். அவர் மாடிப்படி இறங்குவார், நான் ஏறுவேன், நடுப்படியில் சாவி கைமாறும். மூன்றாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள், இரண்டு பேருடைய ஷிப்ட் அட்டவணையையும் ஐஸ்பெட்டியில் ஒட்டி வைத்து, நாங்கள் இருவரும் வீட்டில் இருக்கும் நாளுக்கு மட்டும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவாள். அந்த மாதத்தில் ஒரே ஒரு வட்டம்தான் இருந்தது. அன்றைக்கும் என்னைக் கூடுதல் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேட்ரன் போட்ட நிபந்தனை இதுதான்: தொடர்ந்து மூன்று மாதத்துக்கு, நான் பொறுப்பாகப் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர்கூட அழும் முகத்தைத் தொடக் கூடாது. தொட்டால் இடம் வேறு ஆளுக்கு. இரண்டு மாதமும் மூன்று வாரமும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டேன். கடைசி வாரத்தில்தான் அவர் வந்து சேர்ந்தார்.

சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை. தனி அறை. தோட்டத்தை விட்டு வந்து பல வருடம் ஆகியும் காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்கு வந்த ஆள் கணக்கு எடுக்கும் பழக்கம் அவரை விடவில்லை. தலையணைக்கு அடியில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். மணியை அழுத்திய நேரம் ஒரு பக்கம், நான் வந்து நின்ற நேரம் மறுபக்கம்.

"ஒம்பது பன்னெண்டுக்கு அடிச்சேன் மிஸ்ஸி. நீ வந்தது ஒம்பது பதினாறு" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கோபப்பட்டால் நாமும் மனசுக்குள்ளாவது திட்டிக்கொள்ளலாம்.

"பக்கத்து ரூம்ல ரத்தம் ஏத்திக்கிட்டு இருந்தேன் அங்கிள்."

"சரி சரி, அதையும் எழுதிக்கிறேன்" என்று உண்மையிலேயே எழுதிக்கொள்வார்.

மணி எதற்கு அடிப்பார் என்று கேட்டால் சொல்லவே வெட்கமாக இருக்கும். ஏர்கோன் குளிருகிறது. ஏர்கோனைக் குறைத்தால் புழுங்குகிறது. பால் விடாத தே ஓவில் சீனி இல்லை. (உங்களுக்குச் சீனி வியாதி அங்கிள். தெரியும் மிஸ்ஸி, சும்மா சொன்னேன்.) திரைச்சீலை ஒரு சாண் விலகியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய காலை வணக்கத்தில் எழுத்து பொடியாக இருக்கிறது, படித்துக் காட்டு. எல்லாம் முடிந்து நான் கதவருகே போய், "வேறு ஏதாவது செய்யட்டுமா? எனக்கு நேரம் இருக்கிறது" என்று ஒப்பித்தேன் பாருங்கள், அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நேரம் இருக்கா? அப்போ உட்காரும்மா. இந்தக் கால் நகத்தைக் கொஞ்சம் வெட்டி விடு. குனிஞ்சா தையல் இழுக்குது."

வெட்டினேன். பத்து நகம். வெளியே மூன்று மணிகள் அடித்துக்கொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு டாக்டர் வந்து, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. விடுவேனா? வழக்கமாக மூன்று மணி நேரம் இழுக்கும் வேலையைத் தலைதெறிக்க ஓடி முடித்தேன். இன்சூரன்ஸ் கடிதத்துக்கு நானே போன் அடித்தேன். மருந்து மேலே வரட்டும் என்று காத்திருக்காமல் நானே போய் வாங்கி வந்தேன். பத்தே காலுக்கு எல்லாம் தயார். அவர் மனைவி பைகளைக் கட்டி வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். போர்ட்டர் சக்கர நாற்காலியோடு வந்து நின்றார். கிராணி குளியலறைக்குள் இருந்தார்.

உள்ளே என்ன செய்தாரோ தெரியாது. பத்து முப்பத்திரண்டுக்கு நெற்றி நிறைய திருநீற்றோடு வெளியே வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். அப்படியே போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

"ராகு காலம் ஆரம்பிச்சிருச்சு மிஸ்ஸி. பன்னெண்டுக்கு மேலதான்."

"ரெண்டு நிமிஷம்தான் அங்கிள் ஆச்சு!"

"ரெண்டு நிமிஷம்னாலும் ராகு காலம் ராகு காலம்தானே?"

"அங்கிள், ரூமை விட்டு மட்டும் வாங்க. கீழ லாபியில உட்காருங்க. பன்னெண்டுக்கு மேல கார்ல ஏறுங்க."

"கட்டிலை விட்டு எறங்குறதுதாம்மா கணக்கு" என்றார் அவர் மனைவி, என் அறியாமைக்கு வருந்துகிற குரலில். "காலையில எட்டரைக்கே போயிருக்கலாம். ஆனா அது குளிகை. குளிகையில ஆஸ்பத்திரியை விட்டுப் போனா திரும்ப வர வேண்டியிருக்கும்."

எட்டரைக்கு டாக்டரே வரவில்லை என்பதை நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? போர்ட்டர் மலாய்க்காரர், பல வருடமாக எங்கள் வார்டில் நாற்காலி தள்ளுகிறவர். "ராகு?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கணக்கு நோயாளியின் கால் கட்டிலை விட்டு இறங்குகிற நேரத்தில் இல்லை, கணினியில் இருக்கிறது. டாக்டர் போகலாம் என்று சொன்ன நிமிடத்திலிருந்து கட்டில் காலியாகும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். பதினொன்றுக்கு மேட்ரனிடமிருந்து போன் வந்தது. மூவாரிலிருந்து வந்த ஒரு அம்மா கீழே அவசரப் பிரிவில் கட்டிலுக்காகக் காத்திருக்கிறார், உன் ஆள் ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்டார். நான் அப்போது கிராணியின் அறையில், அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நோயாளி போக மறுக்கிறார் என்று சொன்னால் மேட்ரனே மேலே வருவார், அவருக்கே உரிய முறையில் சிரித்துச் சிரித்து இவரைக் கிளப்பிவிடுவார். கிளம்பிப் போகிற மனிதர் நாளைக்கு எந்த முகத்தைத் தொடுவார்? அழும் முகத்தைத்தான். அது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று எல்லாரிடமும் சொல்லித் திரிகிறவள் நான். ஆனால் வயிற்றில் தையலோடு, நெற்றியில் திருநீற்றோடு உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவரை அந்த நேரத்தில் வாசற்படி தாண்டித் தள்ளிக்கொண்டு போக எனக்குக் கை வரவில்லை.

"மருந்து இன்னும் வரவில்லை மேட்ரன்" என்று மலாயில் சொன்னேன். மருந்துப் பை என் கையில்தான் இருந்தது.

கிராணி என்னை நிமிர்ந்து பார்த்தார். நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஏதோ எழுதினார்.

பன்னிரண்டு ஐந்துக்குக் கட்டிலை விட்டு இறங்கினார். அதற்குள் போர்ட்டர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கிளம்பிப் போயிருந்தார். நானே தள்ளிக்கொண்டு போனேன். கீழே காரில் ஏறுவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நான் எல்லாத்தையும் பார்த்தேன் மிஸ்ஸி. உனக்கு நல்லா எழுதுறேன். விட மாட்டேன்."

எனக்கும் ஒருமாதிரி ஆகிவிட்டது. நாலு நாள் திட்டித் தீர்த்ததற்கு மனசுக்குள் மன்னிப்புக்கூடக் கேட்டேன்.

திங்கட்கிழமை மேட்ரன் அறைக்குக் கூப்பிட்டார். கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். சாப்பாடு, கழிப்பறை, தாதி, எல்லாவற்றுக்கும் பல்லெல்லாம் தெரியும் ஐந்தாவது முகம். கடைசிக் கேள்வி, வீட்டுக்கு அனுப்ப எவ்வளவு நேரம் எடுத்தது? அங்கே முகத்தோடு நேரமும் போட்டிருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்பதற்கு அழும் முகம். அவர் அதைத் தொட்டிருந்தார். வேறு எதைத் தொடுவார்? ஒன்பது நாற்பதும் பன்னிரண்டு ஐந்தும் நோட்டில் இருக்கிறதே. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் உள்ளபடி எழுதியவர், எனக்காக ஒரு பொய்க் கணக்கு எழுதுவாரா?

அதோடு விட்டிருந்தால்கூட அழுது பார்த்திருப்பேன், கெஞ்சிப் பார்த்திருப்பேன். கீழே 'உங்கள் கருத்து' என்ற இடத்தில், பழைய கிராணிமாருக்கே உரிய அழகான ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தார். மேட்ரன் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். இந்தத் தாதி எங்கள் வழக்கத்தை மதித்தார். ராகு காலம் முடியும்வரை என்னை அறையில் இருக்க விட்டார். மருந்து பத்தே காலுக்கே வந்திருந்தும், என்னைக் காப்பாற்றுவதற்காக, மருந்து வரவில்லை என்று பதினொன்று இரண்டுக்குத் தம் மேட்ரனிடம் போனில் சொன்னார். இப்படிப்பட்ட நல்ல உள்ளத்துக்கு நிர்வாகம் பதவி உயர்வு கொடுக்க வேண்டும்.

"நல்ல மனிதர்" என்றார் மேட்ரன். நக்கலாகச் சொல்லவில்லை. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "மூவார் அம்மா அவசரப் பிரிவில் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார், தெரியுமா?" என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு அன்று மதியம் நான்தான் ட்ரிப்ஸ் போட்டேன். தாமதத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

கிளினிக் இடம் வேறு வார்டுத் தாதிக்குப் போனது.

நடுப்படியில் கணவரிடம் சொன்னபோது, அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "நீ ஏன்லா அவர தள்ளிட்டுப் போகல? சாமி கண்ண குத்திருமா? அலமாக், இந்தக் காலத்துல ராகு காலம் பார்த்து வேலைய கோட்டை விட்ட ஒரே ஆளு நீதான்!" பிறகு ஐஸ்பெட்டியில் இருந்த அட்டவணை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அந்தக் கிராணி மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு வாரம் காய்கறி வெட்டும்போதெல்லாம் அவரோடு சண்டை போட்டேன். ஒருமுறைகூட நான் ஜெயிக்கவில்லை, ஏனென்றால் அவர் எழுதியதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

நான்கு மாதம் கழித்து கிளினிக்கில் இன்னோர் இடம் காலியானது. மேட்ரனே விண்ணப்பத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். "இந்த முறை முகம் பார்க்கப் போவதில்லை, நான் எழுதிக் கொடுக்கிறேன். இன்றைக்குத்தான் கடைசி நாள். கையெழுத்துப் போட்டு உடனே ஆபீசில் கொடுத்துவிடு" என்றார்.

பேனாவைத் திறந்தேன். எதிர்ச் சுவரில் கடிகாரம் பத்து நாற்பது காட்டியது. வெள்ளிக்கிழமை.

"என்ன?" என்றார் மேட்ரன்.

"ஒரு நோயாளிக்கு மருந்து கொடுக்கணும் மேட்ரன். கொடுத்துட்டு வந்து போடுறேன்" என்றேன்.

ஒரு மணி நேரம் இருபது நிமிடம் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வார்டைச் சுற்றினேன். மணி அடிக்காத அறைக்குள்ளும் போய், வேறு ஏதாவது செய்யட்டுமா, எனக்கு நேரம் இருக்கிறது என்று கேட்டேன். பன்னிரண்டு அடித்ததும் கையெழுத்துப் போட்டுக்கொண்டு கீழே ஓடினேன். தொழுகை நேரத்துக்காக ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தா ஒரு காலில் செருப்போடு திரும்பி வந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது கணவர் ஷிப்டுக்குப் படி இறங்கிக்கொண்டிருந்தார். காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தேன், அதனால் விஷயம் தெரியும்.

"விண்ணப்பப் பாரம் குடுத்திட்டியா?"

"குடுத்துட்டேன்."

சாவியை நீட்டியவர் நடுப்படியில் அப்படியே நின்றார்.

"எத்தனை மணிக்குக் குடுத்த?"

"பன்னெண்டு பத்து."

"அப்பாடா" என்றார். சாவியை என் கையில் வைத்துவிட்டு, தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க இறங்கி ஓடினார்.