தறிக்கும் வார்டுக்கும் நடுவே

நர்சுப் படிப்பை உட்கார்ந்து படிப்பது என்று நினைப்பவர்கள் அதைப் படிக்காதவர்கள். படித்தவர்களுக்கு அது நிற்பது. எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் நான் அப்படி நின்றேன். அதற்கு முன்னால், விடியலில், அண்ணனின் தறியில் உட்கார்ந்துவிட்டு வருவேன். சேலைக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்றால் கரை நூலைச் சுமந்து ஓடும் நாடாக் கட்டையைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். ஆஸ்பத்திரிக்குத் தாமதமானால் பரீட்சைக்கு விடமாட்டார்கள்; நான் எழுந்து போனால் தறி நின்றுவிடும். வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இங்க் புட்டி

அண்ணன் மிதிகட்டையை அழுத்தும் சத்தம் கேட்டால் என் கை தானாக நாடாவைத் தள்ளும். ஒருநாள் எலும்புப் பாடத்தில் கண் சொக்கிவிட்டது. பாடம் எடுத்த சிஸ்டர் பிரம்பால் கரும்பலகையில் 'டக்'கென்று தட்டினார். என் கை எதிரே இருந்த இங்க் புட்டியைப் பக்கத்துப் பெண்ணின் வெள்ளைப் புடவை மேல் தள்ளியது. நான் எழுந்து நின்று காரணம் சொன்னேன். சிஸ்டர் சிரிக்கவே இல்லை.

"இனிமே தள்ளறதுன்னா மூடி போட்டுட்டுத் தள்ளும்மா."

கட்டு

இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு, முனையை ஒட்ட நறுக்கிவிடுவது நெசவு வீட்டு வழக்கம். நீட்டிக்கொண்டிருந்தால் சேலையில் தெரியும். எங்கள் தெருக்காரர் ஒருவர் கையைக் கிழித்துக்கொண்டு வந்தபோது நான் பேண்டேஜையும் அப்படியே கட்டி நறுக்கிவிட்டேன். மறுநாள் டாக்டர் அவிழ்க்கப் பார்த்தார். பிடிக்க முனையே இல்லை. நகத்தால் நோண்டினார், கத்தரி கேட்டார், என்னை முறைத்தார். நோயாளிதான் எனக்காகப் பரிந்து பேசினார்.

"நல்லா கட்டிகீது டாக்டர், உட்டுடுங்க. புண்ணு உள்ளயே ஆறிகினு போவுது."

அமாவாசை

மற்றப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு ஏங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு கிடையாது, அமாவாசைக்குத்தான் உண்டு. மாதத்தில் அன்று ஒருநாள்தான் நான் தூங்கித் தலைவாரி, பொட்டு நேராக வைத்துக்கொண்டு வார்டுக்குப் போவேன். திருமலைப் பக்கத்திலிருந்து வந்த என் தோழி ஒரு வருஷம் இதைக் கவனித்துவிட்டு மற்றப் பெண்களிடம் சொன்னாள்.

"ஊரே பேய்க்கு பயந்துகினு இருக்கற அன்னிக்கு இவ ஒருத்திதான்டி சிரிச்சிகினு வர்றா."

காணாமல் போன நாடா

பரீட்சை மாதம் வந்தது. அதுவே முகூர்த்த மாதமும்கூட. கல்யாணச் சேலைகளுக்கு எல்லாம் இரட்டை நிறம்தான். இன்னொரு நாள் தாமதமாக வந்தால் பரீட்சைக்குப் பெயர் அனுப்பமாட்டேன் என்று சிஸ்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். வீட்டில் சோறு தறியிலிருந்துதான் வந்தது. படிப்பை நிறுத்திவிடலாம் என்று நானே தீர்மானித்து, யாரிடமும் சொல்லாமல், விடியலில் தறிக்குப் போனேன்.

என் நாடாவைக் காணோம். முந்தின நாள் நான் டூட்டியில் இருந்தபோது அண்ணன் கல்யாணச் சேலை ஆர்டரை முதலாளியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கூலி குறைந்த ஒற்றை நிறச் சேலைக்கான பாவு நூலைத் தறியில் ஏற்றியிருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் என்னைத் திரும்பிப் பார்க்காமலே மிதித்துக்கொண்டிருந்தான்.

"இதுக்கு ஆள் வாணாம். ஜல்தியா கெளம்பு, உன்னோட பேஜாரா கீது."

என் சர்ட்டிபிகேட்டில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதை அச்சுப் பிழை என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.